தோள்சீலையும் துப்பட்டாவும்

1829 பிப்ரவரி 3ஆம் தேதி திருவிதாங்கூரில் ஓர் அரச அறிவிப்பு வெளியானது. ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் ஒரு பெண், ராணி கௌரி பார்வதி பாய். நாடார் பெண்கள் மேல்சாதிப் பெண்களைப் போலத் தோளில் சீலை போடக் கூடாது; கிறிஸ்தவம் தழுவியவர்கள் குப்பாயம் என்னும் தொளதொளச் சட்டை போட்டுக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகு அறுவைச் சிகிச்சைக்கென்று தனிப் பிரிவு ஒன்று திறக்கப்பட்டது. பெரிதாக்கவோ சிறிதாக்கவோ விரும்பும் ஏழைப் பெண்களுக்கு அங்கே கட்டணம் இல்லை. வசதி படைத்தவர்களுக்குக் கிடைக்கும் அழகுச் சிகிச்சை ஏழைகளுக்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது என்று அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் கேட்டார். யார் மூடலாம், யார் மூடக் கூடாது என்று அன்றைய அரசு வகுத்தது. எந்த வடிவம் வேண்டும் என்று இன்றைய அரசு கேட்கிறது, கனிவாகவே. நடுவில் கழிந்தவை 189 ஆண்டுகள்.

பழைய திருவிதாங்கூரின் கணக்கை இன்றைய கண்ணால் பார்த்தால் விளங்காது. அங்கே மார்பைத் திறந்து நிற்பது மரியாதையின் அடையாளம். தெய்வத்தின் முன்னும் நம்பூதிரியின் முன்னும் நாயர் பெண் மேல்துணியை விலக்க வேண்டும். நாயரின் முன் நாடாரும் ஈழவரும் விலக்க வேண்டும். ஆண்களுக்கும் இதே விதிதான். மேல்துண்டு அவர்களுக்கும் கிடையாது. ஆண்டை எதிரே வந்தால் தோள்துண்டை இறக்கி இடுப்பில் கட்டிக்கொள்ளும் வழக்கத்தைக் கண்ட தலைமுறை தமிழ்நாட்டில் இன்னும் முழுதாக மறைந்துவிடவில்லை. அதே வழக்கத்தின் கொடிய வடிவம்தான் திருவிதாங்கூரின் விதி. திறந்த மார்பைப் பார்த்தவன் அதில் முதலில் படித்தது ஆசையை அன்று, படிநிலையை.

இந்த ஒழுங்குக்குள் 1806இல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனரி வந்தார். மயிலாடியில் சபை வளர்ந்தது. மதம் மாறிய பெண்கள் மார்பை மறைக்கலாம் என்று 1813இல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மன்றோ உத்தரவிட்டார். எதிர்ப்பு எழுந்ததும், மறைக்கலாம், ஆனால் குப்பாயத்தால் மட்டும் என்று மறு ஆண்டே அந்த உத்தரவு சுருங்கியது. நாகர்கோவிலில் மிஷனரிகளின் மனைவியர் குப்பாயத்தைத் தைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களுள் ஒருவரான மார்த்தா மால்ட், தம் பள்ளிப் பெண்களுக்கு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அந்த லேஸ் பிறகு கடல் கடந்து விற்றது.

குப்பாயத்தோடு பெண்கள் நின்றிருந்தால் கலகம் வந்திருக்காது. அவர்கள் அதன்மேல் தோள்சீலையும் போட்டார்கள். மிஷனரிகளுக்கு வேண்டியிருந்தது நாணம். அவர்கள் ஐரோப்பியக் கிறிஸ்தவக் கண்ணோடு வந்தவர்கள். இந்தப் பெண்களுக்கு வேண்டியிருந்தது நாயர் பெண் போடும் அதே சீலை, அதே தோளில், அதே மடிப்போடு. இந்த வேறுபாட்டைப் பலர் தவறவிடுகிறார்கள். 1822 முதல் கல்குளம், இரணியல் பகுதிகளில் சந்தையிலும் தெருவிலும் சீலைகள் கிழிக்கப்பட்டன. அடுத்த சுற்றில் பள்ளிகளும் சபைக் கட்டடங்களும் எரிந்தன. 1858-59இல் நடந்த மூன்றாம் சுற்றே மிக மோசமானது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா பிரகடனம் வெளியிட்டார். நாடார் பெண்கள், இந்துக்களும் சேர்த்து, குப்பாயம் போடலாம். மீனவ முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கட்டியும் மறைக்கலாம். மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் மட்டும் கூடாது. அரசு மார்பை விட்டுக்கொடுத்தது, தோளை விட்டுக்கொடுக்கவில்லை.

அதே கல்குளமும் இரணியலும் 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் இருக்கின்றன. நாகர்கோவிலில் இன்று கல்யாண ரவிக்கைக்கு ஆரி வேலை செய்து கொடுக்கும் கடைகளுக்குக் குறைவில்லை. பட்டுப்புடவையின் விலையை ரவிக்கையின் கூலி எட்டிப்பிடிக்கும் காலம் இது. முதுகு இறக்கம் எத்தனை அங்குலம், கையில் வலைத்துணி வைப்பதா, முன்கழுத்து பானையா படகா என்பதுதான் அங்கே நடக்கும் பேச்சு. கலகம் செய்த பெண்களின் ஐந்தாம், ஆறாம் தலைமுறைப் பேத்திகள் எதைத் திறப்பது என்று தாங்களே முடிவு செய்கிறார்கள். மாமியார் முகம் சுளிக்கலாம், பிரகடனம் போட முடியாது. இது சின்ன லாபம் அன்று.

நங்கேலி கதையை இந்த இடத்தில் எதிர்பார்ப்பவர்கள் இருப்பார்கள். சேர்த்தலையில் முலைவரி கேட்டு வந்தவனிடம் தன் மார்பையே அறுத்துக் கொடுத்தாள் என்பது அது. வாய்மொழியாக வந்த அந்தக் கதைக்கு ஆதாரமான ஆவணம் இல்லை. முலைக்கரம் என்பது மூடுவதற்கான கட்டணமன்று, ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள்மேல் போட்ட தலைவரி என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் விளக்குகிறார்கள். கதை பரவிய அளவுக்கு, ஆவணமுள்ள தோள்சீலைக் கலகம் பரவவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில் அந்தக் கலகம் ஒரு பகுதியாக இருந்தது. 2016 இறுதியில் சிபிஎஸ்இ அந்தப் பகுதியைத் தேர்விலிருந்து விலக்கியது. 2019இல் ஆடை வரலாறு பற்றிய அந்த அத்தியாயமே புத்தகத்திலிருந்து போயிற்று.

துணி படிநிலையைக் காட்டும் வழக்கம் திருவிதாங்கூரில் தொடங்கியதன்று. பெருமாளின் இரு பக்கமும் நிற்கும் தேவியரின் செப்புத் திருமேனிகளைப் பாருங்கள். மார்புக் கச்சு அணிந்தவள் ஸ்ரீதேவி, மூத்தவள். கச்சு இல்லாதவள் பூதேவி. சிற்ப இலக்கணம் அறிந்தவர்கள் இந்த அடையாளத்தை வைத்தே இருவரையும் பிரித்துச் சொல்வார்கள். கச்சு கட்டாத பூதேவிக்கு வெட்கமும் இல்லை, இழுக்கும் இல்லை. ஒரு படி கீழே, அவ்வளவே.

வாஷிங்டன் ஃப்ரீர் காட்சிக்கூடத்தில் ஒரு சோழர் காலச் செப்புத் திருமேனி இருக்கிறது. பார்வதியின் வடிவில் சோழ அரசி செம்பியன் மாதேவியைக் காட்டுவது அது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். ஒடுங்கிய இடை, சரிந்த தோள், அதன்கீழ் இடைவெளியற்ற உருண்டைகளாக மார்பு. எந்தப் பெண்ணுடம்பும் அப்படி நிற்காது. வார்த்தவனுக்கும் அது தெரியும். கவிகள் பாடியதும் சிற்பிகள் வடித்ததும் இந்த ஒரே அளவைத்தான். மண்ணில் நடந்தவர்கள் அதற்கு எட்டாதது யாருக்கும் குறையாகப் படவில்லை, எட்டுவதற்கு வழியும் இல்லை. கோயிலில் அந்தத் திருமேனிகள் பட்டுக்கும் மாலைக்கும் உள்ளேதான் இருந்தன. அருங்காட்சியகம் வந்த பிறகே வெற்றுடம்பாய் எல்லார் கண்ணிலும் பட்டன.

தெய்வங்களுக்கு ரவிக்கை வந்தது அச்சு வழியாக. 1859 பிரகடனம் வந்தபோது கிளிமானூரில் ரவி வர்மா 11 வயதுச் சிறுவன். சீலையும் ரவிக்கையும் பிரச்சினையாக இருந்த அதே நாட்டில் வளர்ந்தவர், லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் ரவிக்கை போட்டு, புடவையை முறையாகக் கட்டி நிறுத்தினார். 1894இல் பம்பாயில் அவருடைய அச்சகம் தொடங்கியது. அந்த லட்சுமி இந்தியாவின் பூசையறைகளுக்கெல்லாம் போனாள். பின்னாளில் கோவில்பட்டி கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்து, சிவகாசி அச்சடித்த காலண்டர் அம்மன்களும் அதே வழியில் வந்தவர்கள். வீட்டுச் சுவரில் சாமி ரவிக்கை போட்ட பிறகும் அடுக்களையில் இருந்த கிழவி போடவில்லை.

அந்தக் கிழவிகளை நினைவுள்ளவர்கள் நம்மிடையே ஏராளம். திருநெல்வேலிப் பக்கம் பாம்படம் ஆடும் காதும், மார்பின் குறுக்கே இழுத்துச் செருகிய சீலையுமாக 1980கள் வரைகூட அவர்கள் இருந்தார்கள். கொங்குப் பகுதியிலும் தஞ்சைப் பக்கமும் அப்படித்தான். வெயிலில் வற்றல் போடும்போது சீலை விலகினால் விலகியதுதான். பேரன் பார்த்தாலும் பால்காரர் பார்த்தாலும் பதறி இழுத்துவிட மாட்டார்கள். ஆனால் இதை ஏதோ இழந்த சொர்க்கமாக எழுத எனக்கு மனம் வரவில்லை. பல சாதிகளில் கணவனை இழந்தவளுக்கு ரவிக்கை மறுக்கப்பட்டது. சில ஊர்களில் ஆண்டைக்குப் பயந்து போடாமல் இருந்தார்கள். ரவிக்கை போட்டு முதன்முதலில் தெருவில் நடந்த மருமகளை ஊர் கேலி செய்தது. பழக்கமும் வறுமையும் கட்டாயமும் அந்த வெறும் தோளில் கலந்தே இருந்தன. அவற்றின் நடுவே, தன் உடம்பைப் பிறர் கண்ணால் பார்த்துக்கொள்ளாத ஒரு நிதானமும் இருந்தது. அந்த நிதானம் மட்டும் தனியே கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரவிக்கைக்குள் பாடி வந்ததும் கதை மாறியது. முதலில் அது முடிச்சுப் போடும் வெள்ளைத் துணி. பிறகு பின்னால் ஊக்கு வைத்த கடைச் சரக்கு. பெட்டியின் மேல் ஒரு பெண் படம் இருக்கும், கடைக்காரர் அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பார். 1950களில் ஹாலிவுட்டில் கூம்பு வடிவம் பரவியது. நம் திரையிலும் அக்காலக் கதாநாயகிகளின் ரவிக்கைகள் கூர்மையாக நின்றதைப் பழைய படங்களில் இன்றும் பார்க்கலாம். தையல்காரர்கள் டாட் பிடித்துக் கூர் எடுத்தார்கள். இன்று யாராவது அப்படித் தைத்துக் கொடுத்தால் துணியைத் திருப்பி எறிவார்கள். இப்போது வேண்டியது உருண்டை. கட்டோரி, பிரின்சஸ் கட், உள்ளே பஞ்சு வைத்த கப். கப் வைத்துத் தைத்தால் பாடியே வேண்டாம் என்பது தையல் கடைகளில் சொல்லப்படும் கூடுதல் வசதி. தொங்கினால் குறை, தட்டையாக இருந்தால் குறை, பெருத்தால் குறை. 70 ஆண்டுகளுக்குள் கூம்பு உருண்டையானது. உடம்பு அப்படியேதான் இருந்தது.

1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் சிலிக்கோன் பை வைத்து முதல் மார்பகப் பெருக்க அறுவை நடந்தது. சிற்பியின் உளிக்கு மட்டும் கைகூடிய அளவு மருத்துவரின் கத்திக்கும் கைகூடும் என்றானது அன்றுதான். அதன்பின் அந்த அளவு கவிதைக்குள் அடங்கி நிற்கவில்லை. திருத்த முடியும் என்றான பிறகே ஒன்று குறையாகிறது. கைபேசியில் படத்தை விரலால் இழுத்து இடையைச் சுருக்கி மார்பை ஏற்றிக்கொள்ளும் பதின்வயதுப் பெண்ணுக்குச் செம்பியன் மாதேவியைத் தெரியாது. இருவரின் அளவுகளும் வியப்பூட்டும் வகையில் ஒத்துப்போகின்றன.

இன்னொரு பக்கம், மறைப்பின் கண்காணிப்பு வலுத்தது. தாவணி போய்ச் சுடிதார் வந்தது; தாவணியின் வேலையைத் துப்பட்டா ஏற்றது. அன்று துணி போட்டதற்காகச் சந்தையில் கிழித்தார்கள். இன்று போடாததற்காகக் கல்லூரி வாசலில் நிறுத்துகிறார்கள். 2005இல் அண்ணா பல்கலைக்கழகம் தன்னோடு இணைந்த கல்லூரிகளில் ஜீன்ஸ், டி-சர்ட் போன்றவற்றுக்குத் தடை போட்டது. ‘துப்பட்டா போடுங்க தோழி’ என்பது சமூக ஊடகத்தில் முன்பின் தெரியாத ஆண்கள் பெண்களுக்குச் சொல்லும் அறிவுரையானது. கீதா இளங்கோவன் அதையே தம் கட்டுரை நூலுக்குத் தலைப்பாக வைத்தார். சொல்லுக்கும் அதே கண்காணிப்புதான்: 2002இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ கவிதைத் தொகுப்பு வந்தபோது சில திரைப்பாடலாசிரியர்கள் பொங்கினார்கள். ஆண் எழுதும்போது இலக்கியமும் பாட்டுமாக இருந்த உறுப்பு, அதை உடையவள் எழுதியதும் ஆபாசமானது. கவர்ச்சிப் பாட்டு எழுதிக் கை பழகியவர்களுக்குக் கோபம் வந்ததுதான் இதில் வேடிக்கை.

பாலூட்டும் மார்புக்கு மட்டும் நெடுங்காலம் விலக்கு இருந்தது. சீர்காழியில் ஞானசம்பந்தருக்கு உமையம்மை பாலூட்டிய நிகழ்வு சித்திரையில் திருமுலைப்பால் விழாவாக நடக்கிறது. சுவரொட்டியில் அந்தப் பெயர் பெரிய எழுத்தில் வரும், யாரும் முகம் சுளிப்பதில்லை. பேருந்திலும் ரேஷன் கடை வரிசையிலும் குழந்தை அழுதால் தாய் முந்தானைக்குள் எடுத்துக்கொள்வாள். எதிரே இருப்பவர் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்தாலும் அது பாலுக்கு அழும் பிள்ளை, அவ்வளவுதான். இப்போது அப்படி உட்காரத் துணிபவர்கள் நகரத்தில் குறைவு. கையில் கைபேசி வைத்திருப்பவன் எதிரே இருக்கிறான். 2015இல் தமிழக அரசு 300க்கும் மேற்பட்ட பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. தேவையான ஏற்பாடு, தாய்மார்களுக்கு நிம்மதி. கதவும் தாழ்ப்பாளும் உள்ள அறை வந்ததும், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பால் கொடுப்பவளை ஏன் அறைக்குப் போகவில்லை என்று பார்க்கும் பார்வையும் வந்துவிட்டது.

2018 மார்ச்சில் மலையாள இதழான கிருகலட்சுமி, குழந்தைக்குப் பால் கொடுக்கும் பெண்ணை அட்டையில் போட்டது. ஆபாசம் என்று வழக்குப் போனது. கேரள உயர்நீதிமன்றம் அதைத் தள்ளியது. ரவி வர்மாவின் ஓவியங்களைப் பார்க்கும் அதே கண்ணோடுதான் இந்தப் படத்தையும் பார்க்கிறோம் என்ற பொருளில் நீதிபதிகள் எழுதினார்கள். 2023இல் செயல்பாட்டாளர் ரெஹானா பாத்திமாவின் வழக்கில், பெண்ணின் வெற்று மேலுடம்பு அதனளவிலேயே ஆபாசமாகிவிடாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. மூடும் உரிமைக்காகச் சீலை கிழிபட்ட மண்ணில், மூடாத உடம்பு குற்றமல்ல என்ற தீர்ப்பு. இரண்டும் முரண் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: அந்தத் துணியைப் பற்றி முடிவெடுப்பவர் யார்.

பார்வைகளின் இந்த வரலாறு மருத்துவமனையில் வேறு முகம் காட்டுகிறது. முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் நடத்தும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில், 1980களில் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பைவாய்ப் புற்று. இன்று மார்பகப் புற்று. நாட்டளவிலும் அப்படியே, 2022இல் இந்தியாவில் புதிதாக ஏற்பட்ட மார்பகப் புற்று சுமார் 1,92,000. தாமதமான முதல் பிரசவம், குறைந்த பிள்ளைகள், சுருங்கிய பாலூட்டும் காலம், கூடும் உடல் எடை, நீண்ட ஆயுள் என்று காரணங்கள் சொல்கிறார்கள். இவற்றில் பாதி, பாட்டிகள் கனவு கண்ட முன்னேற்றம்.

சிகிச்சை மட்டும் நிச்சயமாக மேம்பட்டிருக்கிறது. ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த முறையில் மார்பையும் அடித்தசையையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் மொத்தமாக எடுத்துவிடுவார்கள்; கை வீங்கி, தோள் குழிந்து பெண் மிஞ்சுவாள். ஏறக்குறைய 80 ஆண்டுகள் அதுவே நியதி. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சுக் கொடுத்தாலும் ஆயுள் குறையாது என்று பெர்னார்ட் ஃபிஷர் குழுவினரின் ஆய்வு 1985இல் காட்டிய பிறகே மாறியது. அன்று முழு மார்பையும் இழந்தவர்கள் பாடிக்குள் பழந்துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு கல்யாண வீடுகளுக்குப் போனார்கள். இன்று வயிற்றுச் சதையை எடுத்தே மார்பை மீட்டுக் கட்ட முடிகிறது.

ஆனால் ஆரம்பத்திலேயே வந்தால்தான் இதெல்லாம். கட்டி தெரிந்து எத்தனை நாள் என்று கேட்டால் எட்டு மாதம், ஒரு வருடம் என்று பதில் வருகிறது. ஆண் டாக்டராக இருப்பாரே என்று தயங்கியவர்கள், மகளிடம்கூடச் சொல்லாதவர்கள், வலி இல்லையே என்று விட்டவர்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியர்கள் இப்போது சொல்லிக்கொடுக்கிறார்கள்: மாதவிலக்கு முடிந்த சில நாட்களில், மூன்று விரல்களைச் சேர்த்து, நுனியால் குத்தாமல், அக்குள்வரை வட்டமாக அழுத்திப் பார்க்க வேண்டும். சிலர் சிரித்துக்கொண்டு, “வீட்டுல போய்ப் பாத்துக்கிறேன் சிஸ்டர்” என்று முந்தானையை இழுத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். சிலர் திரைக்குப் பின்னால் வந்து ரவிக்கை ஊக்கைக் கழற்றி, “நீங்களே ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க” என்கிறார்கள்.